ஓர் ஓ கூடுதல்

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில்
பெயர் சொன்னால் வரைபடத்தில் தேடுவீர்கள்,
கிடைக்காது, அப்படி ஒரு சின்னத் துறைமுகம்.
அதன் பதிவு அலுவலகத்தில்
லொரெட்டா கரீனின் சிவப்புப் பேனா
இருபத்திரண்டு வருடமாகக் காயவில்லை.

படகுக்காரர்கள் எழுதித் தருவார்கள்,
செதில் ஒட்டிய தாள்களில்.
'புயல் நம் துறைமேடையை உண்டாக்கியது'
என்று போன வாரம்கூட ஒருவர்.
அஃபெக்ட் என்று தொடங்கவேண்டியவர்
எஃபெக்ட் என்று தொடங்கிவிட்டார்.
ஓரெழுத்தில்
புயல் கொத்தனார் ஆகிவிட்டது.
இன்னொருவருக்கு வின்ச்சின் பிரேக் பழுது.
ஈ-யைக் கடைசிக்குத் தள்ளினால் நிற்கும்,
முன்னால் விட்டால் நொறுங்கும்;
அவர் முன்னால் விட்டிருந்தார்.
'வானிலை அவன் வருவானா தெரியாது' என்று
வெதரை மாற்றிப் போட்ட ஒரு கிழவர்.
லொரெட்டா யாரையும் திட்டமாட்டாள்.
கடலைப் படித்தவர்கள்,
காகிதத்தில் தரைதட்டத்தான் செய்வார்கள் என்பாள்.

நவம்பரில்
ஆம்புரோஸ் ஹெப்டிச்
ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணலுக்கு
விமானம் ஏறினான்.
படகு இங்கே. நாய் அக்காள் வீட்டில்.
லொரெட்டாவுக்கு
ஓத அட்டவணையின் முதுகில்
பென்சிலால் ஒரு வரி:
உன்னை லூஸ் பண்ண எனக்கு விருப்பமில்லை.

இரட்டை ஓ.

தமிழில் எழுதிவிட்டு நான் முழிக்கிறேன்.
ஒற்றையோ இரட்டையோ
நம் எழுத்தில் இரண்டும் ஒரே லூஸ்.
பைத்தியத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம்,
செலவு மிச்சம்.
அங்கே அப்படி இல்லை.
ஒற்றை ஓ என்றால் இழப்பது:
சாவி, பந்தயம், உடல் எடை, புருஷன்.
அதன் வாலில் ஒரு வண்டு ரீங்கரிக்கும்.
இரட்டை ஓ என்றால் கட்டு விட்டது:
ஆடும் பல், தொங்கும் பொத்தான், கழன்ற மறை.
அதன் வாலில்
டயரிலிருந்து காற்றுப் போகும்.

நமக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?
உன்னை இழக்க மாட்டேன் என்று எழுதப்போய்
இளக்க மாட்டேன் என்று
எழுதி அனுப்பியவர் எத்தனை பேரோ.

பேனா எழுந்தது. பழக்கம்.
ஓர் ஓவின் மேல் வந்து
நின்றது.
பதினெட்டு வயதிலிருந்து
விடியலுக்கு விடியல்
கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்துகிறவன்.
இரட்டை ஓ அவன் பிழைப்பு.
அதையா தவறவிடுவான்?
ஒருவேளை
சரியாகத்தான் எழுதினானோ:
உன்னை அவிழ்த்துவிட எனக்கு மனமில்லை.
அப்படியானால்
என்னை எந்தக் கம்பத்தில் கட்டியிருக்கிறான்?
யாரைக் கேட்டு?
கோபம் வந்தது.
கோபத்துக்குப் பிறகு தேநீர்.
தேநீருக்குப் பிறகும் கொஞ்சம் கோபம்.

அன்று பின்னிரவு மூன்று மணிக்குக்
காற்று திரும்பியது.
ரப்பர் பூட்ஸும் டார்ச்சுமாகப் போனாள்.
ஓதம் இறங்கிக்கொண்டிருக்க
ஹெப்டிச்சின் படகு மட்டும்
கயிற்றில் பாதி தொங்கி முனகியது.
இறுகக் கட்டத் தெரிந்தவன்
இறங்கும் நீருக்கு
இடம் விட மறந்திருந்தான்.
இன்னும் அரை மணி போனால்
கொக்கி பிடுங்கும், படகு கவிழும்.

கையுறையைக் கழற்றிப்
பல்லில் கவ்விக்கொண்டாள்.
உப்பேறிய முடிச்சு.
ஒரு நகம் போயிற்று.
இரண்டு முழம் தளர்த்தினாள்.
படகு மெல்லச் சரிந்து
தண்ணீரில் உட்கார்ந்தது.

காலையில் பதிவேட்டில் எழுதினாள்:
'ஹெப்டிச் படகு. கயிறு தளர்த்தப்பட்டது.
இழப்பு இல்லை.'
ஒரு சொல்லுக்கு இரண்டு ஓ,
ஒரு சொல்லுக்கு ஒன்று.
எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

சீட்டைத் திருத்தவில்லை.
பென்சில் வரி உள்ளே போக,
அச்சடித்த பக்கம் வெளியே தெரிய
சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.
நாளைய தாழ்வோதம்
காலை ஆறு நாற்பது.